கூரத்துக் காதுக்கு யார் முதலாளி?

பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் 7ஆம் நூற்றாண்டில் காஞ்சிபுரம் அருகே கூரத்தில் சிவன் கோயில் எழுப்பினான். மண்டபத்தில் பாரதம் வாசிக்க ஒரு பங்கும் ஒதுக்கிச் செப்பேட்டில் வெட்டி வைத்தான். ஊர் எதைக் கேட்க வேண்டும் என்று மேலே இருப்பவர் தீர்மானிப்பது இங்கே 1300 ஆண்டுப் பழக்கம். மன்னனாவது பங்கு கொடுத்தான். பின்னால் வந்த சர்க்கார் ரேடியோ வைத்திருந்தவனிடம் லைசென்ஸ் பணம் வாங்கியது.

தறிக்காரருக்குக் கை நாடாவில், கால் மிதியில், கண் பாவில். காது ஒன்றுதான் சும்மா இருக்கிறது. விடுவார்களா? 1952இல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கிறதென்று வானொலியில் அதன் நேரத்தை வெட்டினார். குழித்தறியில் வியர்வை வழிய உட்கார்ந்தவனின் ரசனைக்கு டெல்லியிலிருந்து சலவை! நம்மவர்கள் வாதாடவில்லை, முள்ளைத் திருப்பி இலங்கை வானொலி வைத்தார்கள். அறிவிப்பாளர் மயில்வாகனனும், பிறகு கே.எஸ். ராஜாவும் அப்துல் ஹமீதும், கடல் தாண்டி நம் பாட்டை நமக்கே போட்டார்கள். 1957இல் விவித் பாரதி என்று பெயர் சூட்டி, விரட்டிய பாட்டையே சர்க்கார் தூக்கிக்கொண்டு வந்தது. வெட்கத்துக்கு மட்டும் அலைவரிசை ஒதுக்கவில்லை.

இன்று அந்தக் காலப் பாட்டை முழம் போட்டு விற்கிறார்கள். டிவி மேடையில் நடுவர் காஞ்சிப் பட்டு கட்டிக்கொண்டு அழுகிறார். இடைவேளையில் ஜவுளிக்கடை விளம்பரம். அந்தப் பட்டை நெய்தவர் டிவியில் வரத் தேர்தல் வர வேண்டும். வேட்பாளர் தறியில் உட்கார்ந்து நாடா தள்ளும்போது, படத்தின் ஓரத்தில் நெசவாளியின் முழங்கை தெரியும்.

பண்பலையின் கதையைக் கேட்காதீர்கள். விடிய விடியப் பாட்டுப் போடலாம், நேயர் காதல் கதையைக் கேட்டு உருகலாம். ஆனால் தனியார் பண்பலை சொந்தமாகச் செய்தி சொல்லக் கூடாது. அது மத்திய அரசின் விதி. அரசு வானொலியின் செய்தியை ஒரு சொல் மாற்றாமல் வேண்டுமானால் ஒலிபரப்பலாம். மழை வரும் என்று சொல்லலாம். தறிக்குழியில் தண்ணீர் புகுந்து வேலை நின்றது, நிவாரணம் வரவில்லை என்றால் அது செய்தி, வாயை மூடு. டிவியில் இரவெல்லாம் கத்தலாம், கைப்பேசியில் எந்தப் பொய்யையும் பரப்பலாம். தறிப் பக்கத்து ரேடியோ வாய் திறந்தால்தான் நாடு கவிழ்ந்துவிடுமாம்!

தாலாட்டியது போதும். பட்டுநூல் விலை ஏறியதையும் கூலி ஏறாததையும் பண்பலையில் சொல்ல விடுங்கள். அந்த விதியைத் தூக்கி எறியுங்கள்.