தொண்ணூறு ரூபாய்க்கு பேலன்ஸ்

சேற்றில் ஓட்டவென்றே செய்த வண்டியின் சக்கரத்தை ஐந்து கிராம் சுத்தமாக பேலன்ஸ் செய்கிறேன் என்று சொன்னால், கேட்கிறவர்கள் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள். அப்புறம் என் மனைவியின் முகத்தைப் பார்ப்பார்கள். அவள் ஒரு பெருமூச்சு விட்ட பிறகுதான் நம்புவார்கள். மண்ணை அள்ளி அப்பிக்கொள்ளப் போகிற சக்கரத்துக்கு எதற்கு இந்தச் சீராட்டு என்பது நியாயமான கேள்விதான். என்னிடம் பதிலும் இருக்கிறது. அதைக் கேட்கத்தான் யாரும் நிற்பதில்லை.

அமெரிக்காவில் டர்ட் பைக் வைத்திருக்கிறவர் அதைப் பிக்கப் டிரக்கில் ஏற்றிக் கட்டி, மண் தொடங்குகிற இடத்தில் போய் இறக்குவார். தார் ரோட்டைக் கண்ணால் பார்க்காமலே அந்தச் சக்கரம் ஆயுளை முடித்துக்கொள்ளலாம். கோயமுத்தூரில் நமக்கு டிரக்குக்கு எங்கே போவது? மண்ணுக்குப் போக வேண்டுமென்றால் மண்ணே இல்லாத ரோட்டில் முப்பது, நாற்பது கிலோமீட்டர் ஓட்டித்தான் போக வேண்டும். திரும்பி வரவும் அதே ரோடுதான். கணக்குப் பார்த்தால் என் டர்ட் பைக் பிழைப்பில் முக்கால்வாசி தார்தான்.

வண்டி எக்ஸ்பல்ஸ். ஹீரோ 2019-இல் இறக்கிய, ரோட்டுக்கும் காட்டுக்கும் பொதுவான ஜாதி. முன்னால் 21 இன்ச், பின்னால் 18 இன்ச், இரண்டும் போக்ஸ் கம்பிச் சக்கரம். வாங்கியபடி விட்டிருந்தால் ஒரு வம்பும் இல்லை. முன்சக்கரத்துக்கு நான் ரிம் லாக் மாட்டினேன்.

ரிம் லாக் தெரியாதவர்களுக்காக: மண்ணிலும் மணலிலும் பிடிப்பு வேண்டுமென்றால் டயரில் காற்றைக் குறைக்க வேண்டும். 12, 15 பிஎஸ்ஐ வரைக்கும் இறக்குவார்கள். அவ்வளவு குறைத்துவிட்டு ஓங்கி பிரேக் அடித்தால் டயர் ரிம்மின் மேல் வழுக்கி நகரும். உள்ளே இருக்கிற டியூபையும் கூடவே இழுக்கும். டியூபின் வால்வோ ரிம் ஓட்டையில் மாட்டிக்கொண்டிருக்கிறது, அதனால் வர முடியாது. கடைசியில் வால்வு வேரோடு பிய்ந்துவிடும். பிய்ந்த வால்வுக்கு எந்தப் பஞ்சர் கடையிலும் மருந்து இல்லை. இதைத் தடுக்க ரிம்முக்கு உள்ளே ரப்பர் பூசிய ஒரு கட்டையை வைத்து, வெளியிலிருந்து நட்டுப் போட்டு இறுக்குவார்கள். டயரின் விளிம்பை அது ரிம்மோடு சேர்த்துக் கவ்விக்கொள்ளும். அருமையான சாமான். ஒரே ஒரு குணக்கேடு, நூறு கிராம் சொச்சம் எடையோடு சக்கரத்தின் ஒரே பக்கத்தில், அதுவும் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளிப் போக முடியுமோ அவ்வளவு தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஊருக்குள் ஒன்றும் தெரியாது. எல் அண்ட் டி பைபாஸில் ஏறி 80-ஐத் தொட்டால் ஹேண்டில்பார் துடிக்கும், கை மரத்துப்போகும், கண்ணாடியில் பின்னால் வருகிற ஒரு லாரி இரண்டு லாரியாகத் தெரியும். இதில் மாயமந்திரம் எதுவும் இல்லை. 21 இன்ச் சக்கரத்தின் ஒரு பக்கத்தில் 70 கிராம் கூடுதலாக இருந்தால், 80 கிலோமீட்டர் வேகத்தில் அது கிட்டத்தட்ட எட்டு கிலோ விசையோடு இழுக்கிறது. சக்கரம் வினாடிக்குப் பத்துச் சுற்று சுற்றுவதால், வினாடிக்குப் பத்துத் தடவை எட்டு கிலோ மேலே தூக்கும், எட்டு கிலோ கீழே அழுத்தும். வேகம் பாதியானால் விசை கால்பங்காகிவிடும். அதனால்தான் 40-இல் போகிறவருக்கு எல்லாம் சுகமாக இருக்கிறது. 40-இல் போகிறவர்கள்தான் நமக்கு புத்தி சொல்கிறவர்களும்.

முதலில் ஒரு டயர் கடைக்குக் கொண்டுபோனேன். கார் சக்கரத்தை நிமிடத்தில் பேலன்ஸ் செய்து தருகிற மிஷின் பளபளவென்று நின்றது. ஆனால் கார் சக்கரத்துக்கு நடுவில் பெரிய ஓட்டை, பைக் சக்கரத்தில் ஆக்சில் நுழைகிற அளவுக்குத்தான் ஓட்டை. அதற்குத் தனி அடாப்டர் வேண்டும், கடையில் இல்லை. வேலை செய்த பையன் சக்கரத்தையும் என்னையும் ஒரு தரம் பார்த்துவிட்டு, “பைக்குக்கெல்லாம் யாருங்ணா இதப் பாக்கறாங்க” என்றான். அத்தோடு அந்த வழி மூடிக்கொண்டது.

நல்லவேளையாக இதற்கு மிஷினே தேவையில்லை. கார் சக்கரம் அகலமானது, எடை உள்பக்கம் கூடியிருக்கிறதா வெளிப்பக்கம் கூடியிருக்கிறதா என்றுகூடப் பார்க்க வேண்டியிருப்பதால் ஓட விட்டுத்தான் பிடிக்க முடியும். பைக் சக்கரம் ஒடிசல். நிற்க வைத்தே பிடித்துவிடலாம். புவியீர்ப்பு எல்லா வீட்டிலும் இலவசமாக வருகிறது.

போர்ட்டிகோவில் இரண்டு பக்கமும் ஹாலோ பிளாக் கற்களை அடுக்கி, சக்கரத்துக்குள் ஆக்சிலை நுழைத்து, ஆக்சிலின் இரு முனையையும் கல்லின் மேல் ரசமட்டம் பார்த்து வைத்தேன். பேரிங்கை மூடியிருக்கும் டஸ்ட் சீல்களை முன்கூட்டியே நெம்பி எடுத்துவிட வேண்டும். அந்த ரப்பர் உரசல் இருக்கிறவரைக்கும் சக்கரம் உண்மையைச் சொல்லாது, தோன்றிய இடத்தில் நின்றுவிடும். மெதுவாகச் சுற்றி விட்டால் ஆடி அசைந்து, கனமான பக்கம் கீழே வந்து நிற்கும். அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. வேறு வேறு நிலையிலிருந்து விட்டுப் பார்க்க வேண்டும். எப்படிச் சுற்றி விட்டாலும் கடைசியில் அதே கோட்டில்தான் வந்து நிற்கும், எங்கள் வீட்டில் எந்தப் பேச்சு எடுத்தாலும் கடைசியில் வண்டிச் செலவில் வந்து நிற்பதைப்போல.

இந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டு ஐயா காம்பவுண்டுக்கு மேலே தலையை நீட்டினார். பம்ப் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோயமுத்தூரில் எந்தத் தெருவில் எந்தச் சாமானைக் கழற்றினாலும் அதைத் தொழிலாகவே செய்த ஒருவர் பத்தடி தூரத்தில் இருப்பார், இது ஊரின் பெருமை, சோதனையும்கூட.

“இம்பெல்லர் பேலன்ஸ் பண்ற மாதிரி பண்றீங்களாட்ட இருக்குதுங்க தம்பி” என்றபடி உள்ளே வந்துவிட்டார். பம்ப்பின் இம்பெல்லரையும் இப்படித்தான் ஒரு தண்டில் மாட்டி, கத்திமுனை போன்ற இரண்டு விளிம்புகளின் மேல் உருள விடுவார்களாம். கனமான பக்கம் கீழே வரும். அந்தப் பக்கத்தைக் கிரைண்டரில் பிடித்து உலோகத்தைக் குறைத்துவிடுவார்கள்.

“நீங்க என்னங்க பண்ணப் போறீங்க?”

“எதிர்ப் பக்கம் எடை சேக்கறேனுங்க ஐயா.”

அவர் முகம் மாறிவிட்டது. “சேத்தறதெல்லாம் கழண்டு வந்துருமுங்க தம்பி. கொறைக்கறதுதான் நெலைக்கும். ட்ரில்லிங் மிஷின் இருக்குதுங்களா? ரிம்முல அங்கங்க நாலு ஓட்டை…”

நான் சக்கரத்தை என் பக்கமாக நகர்த்திக்கொண்டேன்.

பேலன்ஸுக்கு முன்னால் பெண்டு பார்ப்பது அவசியம் என்பதில் எங்கள் இருவருக்கும் ஒரே கருத்து. ரிம்முக்குப் பக்கத்தில் ஒரு பென்சிலை ஒரு நூல் இடைவெளியில் நிறுத்திச் சுற்றினால், எங்கே உரசுகிறது, எங்கே விலகுகிறது என்று தெரிந்துவிடும். ஸ்பேனரால் போக்ஸ் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டினால், இறுக்கமானது ‘டிங்’ என்னும், தளர்ந்தது ‘டொக்’ என்னும். ஐயாவுக்குக் காது இன்னும் கூர்மை. நான் ‘டிங்’ என்று விட்டுப்போன ஒன்றை நிறுத்தி, “அது டொக்குங்க” என்றார். விவாதிக்கவில்லை, கால் திருகு வைத்தேன்.

இனி எவ்வளவு எடை என்று கண்டுபிடிக்க வேண்டும். ரிம்மில் ஒட்டித் தற்காலிகமாகப் பார்க்க, எல்லாம் ஒரே எடையில் சின்னச் சின்ன சாமானாக ஏதாவது வேண்டும். நட்டு, போல்ட்டு, வாஷர் எதுவும் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. எங்கள் வீட்டு மேஜை டிராயரைத் திறந்தால் இருந்தது பத்து ரூபாய் நாணயக் குவியல். கடைக்காரர் வாங்கமாட்டேன் என்று சொல்லி, கண்டக்டர் முறைத்து, பூக்காரம்மா சிரித்து, அப்படியே தேங்கிப்போனவை. 14 வடிவங்களில் எது வந்தாலும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிக்கையே விட்டது. பூக்காரம்மா அதைப் படிக்கவில்லை. ஆனால் அரசாங்கம் அச்சடித்த நாணயத்துக்கு ஒரு பெரிய குணம் உண்டு, ஏறத்தாழ 7.7 கிராம் என்றால் எல்லாம் ஏறத்தாழ 7.7 கிராம்தான்.

சாக்பீஸ் கோட்டுக்கு நேர் எதிரே, ரிம்மில், இன்சுலேஷன் டேப்பால் ஒவ்வொன்றாக ஒட்டினேன்.

“மொய் வெக்கறீங்களா தம்பி?” என்றார் ஐயா.

சோதிக்கும்போது கனமான பக்கத்தைக் கீழே வைத்துப் பார்க்கக் கூடாது. ஆக்சிலின் உயரத்துக்குப் பக்கவாட்டில், கடிகாரத்தில் மூன்று மணி இருக்கும் இடத்தில் வைத்துக் கையை எடுக்க வேண்டும். இழுவை அதிகமாகத் தெரியும் இடம் அதுதான். கோடு கீழே இறங்கினால் எடை போதவில்லை, மேலே ஏறினால் கூடிவிட்டது. ஒன்பதாவது நாணயத்தில் சக்கரம் நின்றது. மூன்று மணியில் வைத்தால் மூன்றிலேயே, ஏழில் வைத்தால் ஏழிலேயே, விட்ட இடத்தில் விட்டபடி. தொண்ணூறு ரூபாய், 70 கிராமுக்கு ஒரு சிட்டிகை குறைவு. தமிழ்நாட்டில் அந்தத் தொண்ணூறு ரூபாயை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது எனக்குத் தெரிந்து அந்தச் சக்கரம் ஒன்றுதான்.

நாணயத்தையே நிரந்தரமாக விட முடியாது. கார் ரிம்மில் ஒட்டுகிற பட்டை எடைகளும் இதற்கு ஆகாது, வாட்டர் சர்வீஸில் பிரஷர் தண்ணீர் பட்டதும் பிய்த்துக்கொண்டு போய்விடும். போக்ஸ் சக்கரத்துக்கு நம்பகமானது சால்டரிங் கம்பிதான். கனத்துக்கு எதிரே இருக்கும் நாலைந்து போக்ஸ் கம்பிகளில், ரிம்மை ஒட்டினாற்போல் நெருக்கமாகச் சுற்றி, நுனியைக் கட்டிங் பிளேயரால் அழுத்தி, மேலே டேப் போட்டுவிட்டால் அசையாது. அதற்கு முன் 70 கிராம் கம்பியை நிறுக்க வேண்டுமே! வீட்டில் இருக்கும் ஒரே டிஜிட்டல் தராசு மனைவி கேக்குக்கு மைதா நிறுக்கிற தராசு.

“அதுல என்னங்க கலந்திருக்கு?” என்றாள்.

“வெள்ளீயமும்… கொஞ்சம் ஈயமும்.”

ஐரோப்பாவில் கார் சக்கர எடைகளில் ஈயத்தை 2005-லேயே விலக்கிவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது என்று நினைத்தேன், தெரிந்திருந்தது. தராசின் மேல் பாலிதீன் உறை, அதன் மேல் செய்தித்தாள், முடித்ததும் சோப்புப் போட்டு இரண்டு தரம் கை கழுவுதல் என்ற நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது. உண்மையைச் சொன்னால் மூன்றுமே சரியான நிபந்தனைகள்.

பந்தயக்காரர்கள் இவ்வளவு பாடுபடுவதில்லை. சிலர் எதிர்ப் பக்கத்தில் இன்னொரு ரிம் லாக்கை மாட்டி, ஒன்றுக்கு ஒன்று சரி என்று போய்விடுவார்கள். ரிம்மில் புதிதாக ஓட்டை போட வேண்டும் என்பதால் இந்தச் செய்தியை நான் பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டேன்.

பைபாஸில் 80-இல் ஹேண்டில்பார் துடிக்கவில்லை. பின்னால் வந்த லாரி ஒரே லாரியாக வந்தது. சூலூர் தாண்டி, மழை பெய்து ஊறிக் கிடந்த கரிசல் காட்டில் இறங்கியதும் அரைக் கிலோ மண் சக்கரத்தில் அப்பிக்கொண்டது, அதுவும் தன் இஷ்டத்துக்கு, ஒரு பக்கம் கூடவும் ஒரு பக்கம் குறையவும். ஐந்து கிராம் சுத்தம் என்னவாயிற்று என்று இங்கேதான் எல்லோரும் சிரிப்பார்கள். திரும்பித் தாரில் ஏறிக் குச்சியால் சுரண்டிவிட்டு, கொஞ்ச தூரம் ஓட்டினால் மிச்ச மண்ணும் தானாகத் தெறித்துப் போய்விடும். ரிம் லாக் தெறித்துப் போகுமா? இதுதான் யாரும் நின்று கேட்காத அந்தப் பதில்.

சங்கதி அத்தோடு முடியவில்லை. ஹாலில் ஓடுகிற ஃபேன் வெகுநாளாக ஆடிக்கொண்டிருந்தது. “சக்கரத்துக்குப் பண்ணினதை இதுக்கும் பண்ணுங்க” என்று மனைவி சொன்னாள். தத்துவம் ஒன்றுதான். மூன்று இறக்கைகளின் மேலும் மாற்றி மாற்றி நாணயம் ஒட்டிப் பார்த்து, ஆட்டம் அடங்கிய இறக்கையில் நிலையாக ஒட்டிவிட வேண்டியது. ஒரே ஒரு பத்து ரூபாயில் ஃபேன் சாதுவாகிவிட்டது. மாமியார் வந்திருந்தபோது விஷயம் தெரிந்து, நாற்காலியைச் சுவரோரமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். நன்றாக ஒட்டியிருக்கிறேன், விழாது என்று எவ்வளவோ சொன்னேன்.

“அது செரீங்க மாப்பிள்ளை” என்றார், கண்ணை மேலேயே வைத்துக்கொண்டு. “விழுகறதுதான் விழுகுது, செல்லற காசா வெச்சிருக்கக் கூடாதுங்களா?”