காக்கா ஆழியாருக்கு ஒரு வரவேற்பு மடல்

காது குத்துக்கே தெருவை அடைத்து பேனர் வைக்கிற ஊர் இது. வட்டச் செயலாளருக்குப் பிறந்தநாள் என்றால் 'வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்' என்று நாற்பது பேர் பாஸ்போர்ட் சைஸில் கைகூப்பி நிற்பார்கள். அப்படிப்பட்ட வடசென்னையில், கடல் பல தாண்டி வந்து, ஒரு தேர்தலைக்கூடச் சந்திக்காமல் எண்ணூர்க் கழிமுகத்தையே கைப்பற்றிய தங்களுக்கு ஒரு போஸ்டர்கூட ஒட்டப்படவில்லை. எங்களுக்கு அது பெரிய தலைக்குனிவு. அந்தக் குறை தீரவே இம்மடல்.

வருக, காக்கா ஆழியாரே! தென் அமெரிக்கக் கரை ஈன்றெடுத்த தவப்புதல்வரே! கொசஸ்தலை ஆற்றின் கொற்றவரே, வருக!

சிப்பி இனத்தவரான தங்களை விஞ்ஞானிகள் 'மைடெல்லா ஸ்ட்ரிகாட்டா' என்கிறார்கள். எண்ணூர்க் குப்பங்களில் அவ்வளவு நீளமாகக் கூப்பிட நேரமில்லை. கறுப்பாக, கூட்டம் கூட்டமாக ஒட்டிக்கிடக்கிற தங்களைப் பார்த்துக் 'காக்கா ஆழி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். உருவமோ இரண்டு விரற்கடை. சாதனையோ பெரிது.

முதலில் தாங்கள் உள்ளே நுழைந்த அழகைப் பாராட்ட வேண்டும். எங்கள் ஊர் மீனவர் கடலுக்குப் போகப் படகுக்குப் பதிவு எண் வேண்டும், ஆளுக்கு பயோமெட்ரிக் அட்டை வேண்டும். துறைமுகச் சுவருக்குப் பக்கத்தில் வலை போட்டால் விசில் அடித்து விரட்டுவார்கள். பாட்டன் காலத்திலிருந்து நிற்கிற குடிசைக்குப் பட்டா எங்கே என்று கேட்பார்கள். தங்களிடம் யார் என்ன கேட்டார்கள்? கப்பலின் வயிற்றுக்குள் பயணம். விசா கிடையாது, சுங்கம் கிடையாது, கைரேகை கிடையாது. இருந்தால்தானே, பாவம், கை!

கப்பல் சரக்கில்லாமல் வெறும் வயிற்றோடு கிளம்பினால் கடலில் தள்ளாடும். அதனால் கிளம்புகிற துறைமுகத்துத் தண்ணீரையே தொட்டிகளில் நிரப்பிக்கொள்ளும். பாலஸ்ட் தண்ணீர் என்று பெயர். சரக்கு ஏற்றும் துறைமுகத்தில் அதைக் கொட்டிவிடும். அந்தத் தண்ணீரோடு அந்த ஊர்க் கடலின் குஞ்சும் முட்டையும் சேர்ந்தே வரும். அது போதாதென்று கப்பலின் அடிப்பாகத்தில் ஒட்டிக்கொண்டும் வரலாம். தாங்கள் எந்தக் கப்பலில் வந்தீர்கள் என்பதற்குச் சாட்சி கிடையாது. கண்ணால் பார்க்கக்கூட முடியாத பருவத்தில் வந்தவரை யார் பார்த்தது? ஆனால் மைடெல்லாவுக்கு அமெரிக்கக் கரையிலிருந்து எண்ணூருக்கு நீந்தி வருகிற பழக்கம் இல்லை என்பது குப்பத்துக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

சட்டம் இல்லையா என்று யாரும் கேட்டுவிடக் கூடாது. பாலஸ்ட் தண்ணீரைக் கட்டுப்படுத்த 2004-லேயே சர்வதேச ஒப்பந்தம் எழுதிவிட்டார்கள். கரையிலிருந்து 200 கடல் மைலுக்கு அப்பால், ஆழ்கடலில் தண்ணீரை மாற்று; இல்லையென்றால் கப்பலிலேயே சுத்திகரித்துக் கொட்டு. இவ்வளவுதான் சாரம். அதில் சேரலாம் என்று நம் மத்திய அமைச்சரவை 2015-ல் ஒப்புதல் தந்தது. 2017 செப்டம்பரில் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது சேர்ந்த நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. நிச்சயதார்த்தம் முடிந்தது, முகூர்த்தத்துக்கு மாப்பிள்ளையைக் காணோம். கோப்பு மேசை விட்டு மேசை போவதற்குள் தாங்கள் கடல் விட்டுக் கடல் வந்துவிட்டீர்கள். நத்தைக்கும் ஆழிக்கும் வைத்த போட்டியில் ஆழி ஜெயித்தது.

சொல்லாமல் கொள்ளாமல் வந்தீர்கள் என்றும் பழி போட முடியாது. மணிலா விரிகுடாவில் முகம் காட்டினீர்கள். சிங்கப்பூரின் ஜொகூர் நீரிணையில் 2016-ல் கண்டுபிடித்தார்கள். அப்புறம் கேரளம். கொல்லத்து அஷ்டமுடிக் காயலின் மட்டித் தொழில், நிலைத்த மீன்வளம் என்ற உலகச் சான்றை 2014-ல் இந்தியாவிலேயே முதலாவதாகப் பெற்றது. சில ஆண்டுகளில் அந்தக் காயலிலேயே தாங்கள் பாய் விரித்துப் படுத்தீர்கள். பக்கத்து வீட்டில் திருடன் புகுந்தால் நம் வீட்டுத் தாழ்ப்பாளைச் சரிபார்ப்போம். நாம் என்ன செய்தோம்? வாசலைத் திறந்து வைத்துக் கோலமும் போட்டோம்.

கோலம் என்றது தங்களுக்கு நாங்கள் கட்டித் தந்த தொகுப்பு வீடுகளை. சேற்றில் பிறந்தால் பிழைப்பது கஷ்டம். முதலில் கெட்டியான ஒரு பிடிமானம் வேண்டும் தங்களுக்கு. அதற்காகவே போலத் துறைமுகத் தூண், அலைத்தடுப்புக் கல், மிதவை, பாலத்தின் கால், அனல்மின் நிலையத்துச் சாம்பல் குழாயைத் தாங்கும் கான்கிரீட் என்று வரிசையாக நட்டு வைத்தோம். கடலில் கான்கிரீட்டை இறக்கினால் உயிர்கள் செழிக்கும் என்று மேடையில் பேசுகிறவர்கள் உண்டு. செழிக்கும்தான். எந்த உயிர் என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். அந்தத் தூண்களில் குடியேறிப் பெருகித்தான் ஆற்றின் மடிக்கு இறங்கினீர்கள். உப்பு கூடினாலும் தாங்குவீர்கள், குறைந்தாலும் தாங்குவீர்கள். தீனி குறைந்தால் ஆண் பெண் என்பதைக்கூட மாற்றிக்கொள்வீர்களாமே! சோறு கிடைக்கிற பக்கம் பார்த்துக் கரைவேட்டியை மாற்றுகிறவர்களைப் பார்த்துப் பழகிய ஊர் இது. தங்களுக்கு இங்கே எப்படி அந்நியமாக இருக்கும்?

இனி தங்கள் ஆட்சியின் சாதனைகள்.

நீர் வற்றிய நேரத்தில் இருளர் பெண் ஒருத்தி ஆற்றில் இறங்குகிறாள். வலை கிடையாது, படகு கிடையாது. பனையோலைப் பறியின் வாயைப் பல்லால் கடித்துக்கொண்டு, மார்பளவு தண்ணீரில் முட்டி போட்டு நகர்ந்து, சேற்றைக் கையால் தடவுகிறாள். விரல்நுனிதான் அவளுக்குக் கண். சேற்றுக்குள் இறால் துள்ளினால் விரலுக்குத் தெரியும். மறுநொடி அது பறிக்குள் இருக்கும். இப்போது அவள் விரல் சேற்றைத் தொடுவதில்லை. தங்களைத்தான் தொடுகிறது. ஒன்றோடொன்று நாரால் பின்னிக்கொண்டு ஆற்றடியை ஜமக்காளமாக மூடியிருக்கிறீர்கள். அதன்மேல் கை வைத்தால் கை அறும், கால் வைத்தால் கால் அறும். பதுங்க சேறில்லாமல் இறால் போயிற்று. மூச்சு முட்டி மஞ்ச மட்டி போயிற்று. ஒட்ட இடமில்லாமல் பச்சை ஆழி ஒதுங்கிற்று. அரைப் பறி இறால் என்பது அவள் வீட்டின் அன்றைய அரிசி, பருப்பு, பிள்ளையின் பஸ் காசு. வெறும் பறியோடு கரையேறி, அறுந்த பாதத்தில் மஞ்சளை அப்பிக்கொள்கிறாள். இந்தச் சேதத்துக்கு எந்தத் துறையின் எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது.

ஆனாலும், ஆழியாரே, எல்லாப் புகழும் தங்களுக்கே என்று சொல்ல மனம் வரவில்லை. தாங்கள் கடைசியாக வந்தவர். இலை போட்டுப் பரிமாறி முடித்த பிறகு வந்து உட்கார்ந்தவர்.

அனல்மின் நிலையத்துச் சாம்பல், உடைந்த குழாய் வழியாக வருஷக்கணக்கில் ஆற்றில் இறங்கி, மட்டி வாழ்ந்த மண்ணைச் சிமென்டுக் குழம்பாக்கியது. வெந்நீரையும் அதே ஆறுதான் வாங்கிக்கொண்டது. உப்பளமும் அலையாத்திக் காடும் மண் கொட்டி மேடாயின. சினிமாவில் 'கிணத்தைக் காணோம்' என்றால் வயிறு குலுங்கச் சிரிக்கிறோம். எண்ணூரில் ஆற்றையே காணோம்: 1996-ல் அரசே ஏற்றுக்கொண்ட கடலோர வரைபடத்தில் ஆறாயிரம் ஏக்கருக்கு மேல் இருந்த கழிவெளி, பின்னால் வந்த வரைபடத்தில் இல்லை. இதற்கு யாரும் சிரிக்கவில்லை. பலருக்கு இடம் கிடைத்தது. 2017 ஜனவரியில் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, செவ்வாய்க்கு விண்கலம் அனுப்பிய நாடு பிளாஸ்டிக் வாளியால் அதை அள்ளியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மறுபடியும் எண்ணெய், இந்தத் தடவை நேரே ஆற்றுக்குள். அப்போதும் குப்பத்து ஆட்கள்தான் கையால் அள்ளினார்கள். இத்தனையும் தாங்கி எஞ்சிய ஊர் மட்டிமீதுதான் தாங்கள் வந்து படுத்தீர்கள். வேலி போட வேண்டியவன் வேலியை விறகுக்கு விற்றுவிட்டால், மேய வந்த மாட்டை மட்டும் அடித்து என்ன பயன்?

தங்களை அடிப்பதற்கும் திட்டம் இல்லாமல் இல்லை. மீனவர்கள் கத்திக் கத்தித் தொண்டை வறண்டு, விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போன பிறகு, தங்களை அப்புறப்படுத்த நீர்வளத்துறை 160 கோடி ரூபாய் கேட்டது. இனி டெண்டர் வரும், பொக்லைன் வரும், தூர்வாரியதற்குப் போட்டோ வரும். ஆற்றடியைச் சுரண்டினால் தாங்கள் போவீர்கள். கூடவே பிழைத்திருக்கிற நாலு மட்டியும் போகும். சுரண்டிப் போட்டதில் பாதி கரையில் நாறும், மீதி நீரோட்டத்தில் புது ஊர் பார்க்கும். தூண்கள் அப்படியே நிற்கும். கப்பல்களும் வந்துகொண்டே இருக்கும். ஆகவே அடுத்த ஆண்டும் தாங்கள் இருப்பீர்கள், அடுத்த டெண்டரும் இருக்கும். அயல்நாட்டு முதலீடு என்று மாநாடு போட்டு அழைக்கிறார்களே, தங்களைவிட உறுதியான முதலீட்டாளர் யார்? வந்தீர்கள், ஒட்டினீர்கள், திரும்பிப் போகும் பேச்சே இல்லை.

வரவேற்புரை போதும். தாங்கள், நீங்கள் என்ற மரியாதையும் போதும். இனி உன்னோடு நேராகப் பேசுகிறேன்.

உன் வரலாற்றில் ஒரு பக்கம் எனக்குப் பிடிக்கும். 1986-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், ஜாக்சன்வில் நகரத்தில் நீ முதன்முதலாக அகப்பட்டாய். எங்கே? ஏழை காலடியில் இல்லை. ஒரு மின் நிலையம் கடல்நீர் உறிஞ்சுகிற குழாயில். பார்த்தார்கள், பெயர் கேட்டார்கள், குறித்து வைத்தார்கள். குழாய்க்கு நேர்ந்தது என்றால் உலகம் எங்கும் குறிப்பு எழுத ஆள் உண்டு.

எண்ணூரிலும் அப்படிப்பட்ட குழாய்கள் இருக்கின்றன, பெரிசு பெரிசாக. நீ ஏன் ஆற்றடியில் கிடந்து கூலிக்காரியின் பாதத்தை அறுக்கிறாய்? குழாய்க்குள் போ. உள்சுவர் முழுக்க ஒட்டு. குட்டி போடு, அதன்மேல் குட்டி போடு. ஒரே ஒரு நாள் தண்ணீர் ஏறாமல் நிற்கட்டும். அன்று சாயங்காலமே கூட்டம் நடக்கும், நிபுணர் விமானத்தில் வருவார், பாலஸ்ட் தண்ணீருக்கு அவசரச் சட்டம் பேசுவார்கள், தொலைந்துபோன வரைபடம்கூட அலமாரியில் கிடைக்கலாம்.

வழி தெரியாவிட்டால் கரையில் பறியோடு உட்கார்ந்திருக்கிறவளைக் கேள். அந்தக் குழாயின் வாய் எங்கே இருக்கிறதென்று அவளுக்கு நன்றாகத் தெரியும். நொண்டிக்கொண்டாவது வந்து காட்டுவாள்.