இழுவையியல்: கதவிடுக்குச் சாசனத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

அமெரிக்காவில் பிக்கப் டிரக் வைத்திருக்கும் குடும்பஸ்தர், அதன் பின்னால் மாட்டி இழுக்க ஒரு டிராவல் டிரெய்லர் வாங்கலாம் என்று கிளம்பும்போது இரண்டு நூல்கள் எதிர்ப்படுகின்றன. ஒன்று, வழவழத் தாளில் அச்சான விளம்பரக் கையேடு. மற்றது, ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் உள்ளங்கையளவு ஸ்டிக்கர். முன்னதை மனப்பாடமாகச் சொல்பவர்கள் ஏராளம். பின்னதைப் படித்தவர்கள் பெரும்பாலும் டிரெய்லர் வாங்கிய பிறகே படித்தவர்கள். இவ்விரு நூல்களுக்கும் உள்ள முரணைப் பாடபேதம் என்று தள்ளிவிட முடியாது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

முதலில் மூலச் சான்று. சாசனம் வெள்ளையும் மஞ்சளுமானது. வாசிக்கக் குந்த வேண்டும். தொப்பை உள்ளவர் மண்டியிட வேண்டும். கல்வெட்டாய்வாளர்களுக்கு இது பழக்கம், டிரக் விற்பவர்களுக்குத்தான் புதிது. டயர்க் காற்றழுத்தம் பற்றிய சில எண்கள் போக, செய்தி ஒன்றே: ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை கிலோவை, இத்தனை பவுண்டைத் தாண்டலாகாது. பேலோடு என்று புழங்குவது இதுதான். ஒரே மாடல், ஒரே ஆண்டு என்றாலும் வண்டிக்கு வண்டி இந்த எண் மாறும். கூரைக் கண்ணாடி, தோல் இருக்கை, பெரிய சக்கரம் என்று சேர்க்கச் சேர்க்க எண் இளைக்கும். ஆகவே வசதி மிகுந்தவரின் சாசனம் மெலிந்தும், துணி இருக்கை போட்ட வேலைக்காரரின் சாசனம் கொழுத்தும் காணப்படுகிறது. அமெரிக்காவில் சோஷலிசம் வேரூன்றிய ஒரே இடம் கதவிடுக்குதான் என்று ஒருவர் வாதிடலாம், நான் வாதிடவில்லை.

இனி விளம்பரக் கையேடு. '11,000 பவுண்டு இழுக்கும்' என்கிறது. இது பொய்யல்ல, கற்பனைப் பாத்திரங்களைக் கொண்ட மெய். முன்பெல்லாம் கம்பெனிக்கு ஒரு கணக்கு இருந்தது. 2008இல் எஸ்.ஏ.இ. என்ற பொறியாளர் அமைப்பு 'ஜே 2807' என்னும் பொது விதியை வகுத்தது. டொயோட்டா 2011 மாடல்களில் அதை முதலில் ஏற்றது. அந்த விதிப்படி வண்டிகள் ஏற வேண்டிய மலைச்சாலை அரிசோனாவில், டேவிஸ் டேம் அணைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஏறக்குறைய 11 மைல், கொளுத்தும் வெயில், ஏ.சி.யை முழுவதும் திருகிவைத்து, வேகம் 40 மைலுக்குக் கீழே இறங்காமல் ஏற வேண்டும். கடுமையான தேர்வுதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் வண்டிக்குள் யார் இருப்பதாகக் கணக்கு? இருவர். ஆளுக்கு 150 பவுண்டு, அதாவது 68 கிலோ. பின்னிருக்கையில் பிள்ளைகள் இல்லை, நாய் இல்லை, ஐஸ் பெட்டி இல்லை, மாமியார் இல்லை. இந்த ஒல்லித் தம்பதியரை எந்த முகாம் மைதானத்திலும் எவரும் கண்டதில்லை. தொன்மப் பாத்திரங்கள் என்றே கொள்ள வேண்டும்.

டிரெய்லர்க்காரர்களும் தம் பங்குக்கு ஓர் இடைச்செருகல் செய்திருக்கிறார்கள். அதன் பெயர் 'டிரை வெயிட்'. தொட்டியில் தண்ணீர் இல்லாமல், அலமாரியில் ஒரு தட்டுகூட இல்லாமல் டிரெய்லர் என்ன எடையோ அது. இந்த எடையில் அந்த டிரெய்லர் இருப்பது, பெரும்பாலானவை பிறக்கும் இண்டியானாவின் எல்கார்ட் வட்டாரத்திலிருந்து விற்பனைக் கடைக்குப் போகும் வழியில் மட்டுமே. அப்புறம் ஆயுளுக்கும் இல்லை. ஒரு காலன் தண்ணீர் 8.34 பவுண்டு. 40 காலன் தொட்டியை நிரப்பினால் ஏறக்குறைய 334 பவுண்டு; ஒல்லித் தம்பதியர் இருவரும் உள்ளே ஏறி உட்கார்ந்ததைவிட அதிகம். இதில் எரிவாயு உருளைகளும் பாட்டரியும் வழக்கமாக மூக்கின்மேலேயே உட்காருகின்றன. ஆகவே டிரை வெயிட் வரியைக் கண்டதும் கண்ணை மூடிக்கொள்வது ஆய்வு நெறி. பார்க்க வேண்டியது, டிரெய்லரின் வெளிச்சுவரில் இடப்பக்க முன்மூலையில் ஒட்டியிருக்கும் உச்ச எடை.

மூக்கு என்றேன். இழுவையியலின் உயிர்நிலை அதுதான். டிரெய்லரின் முன்கூம்பு டிரக்கின் ஹிட்ச் உருண்டைமேல் அழுத்தும் எடையை டங் வெயிட் என்பார்கள். அது டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு இருக்க வேண்டும். இழுபடும் எடை கையேட்டின் கணக்கில் போகிறது. மூக்கெடையோ நேராகச் சாசனத்தின் கணக்கில் வந்து விழுகிறது. இரு நூல்களும் மோதிக்கொள்ளும் இடம் இதுவே.

கணக்கைப் போடுவோம். சாசனம் 1,500 பவுண்டு என்கிறது. நாலு பேர் குடும்பம், 600. ஹிட்ச் இரும்பு, 100. ஐஸ் பெட்டி, மடக்கு நாற்காலி, அடுப்புக்கரி என்று டிரக்கின் முதுகில் இன்னொரு 100. மூக்குக்கு மிச்சம் 700. மூக்கெடை 13 விழுக்காடு என்று வைத்தால் டிரெய்லர், தண்ணீரும் தட்டுமுட்டும் உட்பட, ஏறக்குறைய 5,400 பவுண்டுக்குமேல் போகக் கூடாது. 11,000 பாதியாயிற்று. பிள்ளைகள் வளர வளர டிரெய்லர் இன்னும் சிறுக்க வேண்டும் என்பது இதன் கிளைத்தேற்றம். இதை டிரெய்லர் விற்பவர் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

சாமான்களைப் பின்பக்கம் தள்ளினால் மூக்கெடை குறையுமே எனின், குறையும். வாலும் ஆடும். நெடுஞ்சாலையில் பதினெட்டுச் சக்கர லாரி ஒன்று உங்களைக் கடக்கிறது. அதன் முகக்காற்று முதலில் டிரெய்லரை ஓரத்துக்குத் தள்ளுகிறது. உடல் கடக்கும்போது தன் பக்கம் உறிஞ்சுகிறது. மூக்கு கனத்த டிரெய்லர் ஒருமுறை முனகி அடங்கும். மூக்கு லேசானது அடங்காது. இடம், வலம், மறுபடி இடம். ஒவ்வொரு வீச்சும் முந்தியதைவிட அகலம். பக்கக் கண்ணாடியில் இதுவரை தெரியாத சொந்த டிரெய்லரின் பக்கவாட்டு ஜன்னல் தெரிகிறது. அந்த நொடியில் டிரக்கின் பிரேக்கை மிதிக்காமல், ஆக்ஸிலேட்டரை விட்டு, டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் தட்ட வேண்டும். அதற்கெனத் தனிக் கருவி டாஷ்போர்டில் உண்டு. கால் இந்த விதியை நினைவில் வைத்திருப்பது அரிது.

எடைபகிர் ஹிட்ச் போட்டால் போதாதோ எனின், போதாது. அதன் வில்கம்பிகள் பின்னச்சில் குவியும் சுமையில் ஒரு பங்கை டிரக்கின் முன்னச்சுக்கும் டிரெய்லரின் அச்சுக்கும் மாற்றுகின்றன. ஸ்டியரிங் லேசாகாமல் இருக்க இது நல்லது. சாசனத்தின் எண்ணை அது ஒரு பவுண்டுகூட உயர்த்தாது.

இத்துறையில் மரபுப் பள்ளி ஒன்றும் உண்டு. 'அத்தான் இழுக்கிறார், ஒன்றும் ஆகவில்லை' என்பது அதன் ஒரே கோட்பாடு. டல்லாஸ் பக்கத்துச் சமையலறை ஒன்றில் செவிவழி கிடைத்த சான்று:

"கொலராடோ மலையில ஏறுச்சா அத்தான்?"

"ஏறினதெல்லாம் நல்லாத்தான் ஏறுச்சு மாப்ள. இறங்கறப்பதான் உங்கக்கா பேசறத நிறுத்திட்டா."

ஏறுவது எஞ்சின் வேலை, இறங்குவது பிரேக்கின் வேலை. கையேடு முன்னதைத்தான் பாடும்.

கலை உலகம் இதை எப்போதோ கண்டுகொண்டது. வின்சென்டே மின்னெல்லி இயக்கிய 'தி லாங், லாங் டிரெய்லர்' (1954) படத்தில் புதுமணப் பெண்ணாக வரும் லூசில் பால், போகுமிடமெல்லாம் நினைவுக்கென்று கல் பொறுக்கி டிரெய்லருக்குள் சேர்க்கிறார். கணவர் தூக்கியெறியச் சொல்ல, அவர் ஒளித்துவைக்கிறார். பிறகு மலைப்பாதை. பேலோடு பற்றி ஹாலிவுட் தந்த மிகத் தெளிவான பாடநூல் இது. வகைப்படுத்தியவர்கள்தான் நகைச்சுவை என்று எழுதிவிட்டார்கள்.

கல் என்றதும் கிரைண்டர் நினைவுக்கு வருவது புலம்பெயர் ஆய்வாளனின் குறைபாடு. முகாமிலும் இட்லி வேண்டும் என்போர், மேசை கிரைண்டரை எங்கே வைப்பது? டிரக்கில் வைத்தால் முழு எடையும் சாசனத்தில் ஏறும். டிரெய்லரின் முன்னறையில் வைத்தால் மூக்கு கனக்கும், வாலில் வைத்தால் ஆடும். டிரெய்லர் அச்சுக்கு நேர் மேலே வைத்தால் மூக்குக்கு ஏறக்குறைய எதுவும் போகாது. இயற்பியல் ஏற்கும் இடம் அது ஒன்றே. நான் அளந்து பார்த்த மாடலில் அச்சுக்கு நேர் மேலே இருப்பது கழிவறை. வீட்டில் இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது. எங்கள் தரப்பு வாதம் வலுவானது, எதிர்த்தரப்பு சமைக்கிறது.