செயலாளர் சார்

ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் அடுக்குமாடிக் குடியிருப்புக்குக் குடிவந்தால், கொஞ்ச நாள் நடைப்பயிற்சி செய்வார். பிறகு சங்கச் செயலாளர் ஆகிவிடுவார். சென்னையில் வடகிழக்குப் பருவமழை தவறினாலும் இது தவறாது.

1939-இல் உளவியலாளர் கர்ட் லெவினும் சகாக்களும் சிறுவர் குழுக்களை வைத்து அதட்டும் தலைமை, கலந்து பேசும் தலைமை, கண்டுகொள்ளாத தலைமை என்று மூன்றாகப் பிரித்தார்கள். நம் சாரிடம் மூன்றும் காலை பத்து மணிக்குள் முடிந்துவிடும். வாட்ச்மேனுக்கு அதட்டல். சுவருக்குப் பெயின்ட் அடித்து முடித்தபின், எந்த நிறம் வேண்டும் என்று வாட்ஸ்அப் குழுவில் வாக்கெடுப்பு. லிஃப்ட் நின்றுவிட்டால் போன் ஸ்விட்ச் ஆஃப்.

ஆனால் அவருடைய உண்மையான பலம் பி பிளாக். அவர் குடியிருப்பது ஏ பிளாக்கில். பில்டர் வரைபடத்தில் அடையாளத்துக்குப் போட்ட எழுத்துக்கு வம்சப் பெருமை ஏற்றிவிட்டவர் இவர்தான். "நம்ம பிளாக்ல இப்படி மாடிப்படியில செருப்பு விடுவோமா, சொல்லுங்க மேடம்?" மேடம் வீட்டு வாசலிலேயே ஐந்து ஜோடி கிடக்கும். இருந்தும் பெருமையாகத் தலையாட்டுவார்.

இன்னொரு உளவியலாளர் ஹென்றி டாஜ்ஃபெல் 1971-இல் வெளியிட்ட ஆய்வில், பிரிஸ்டல் பள்ளி மாணவர்களை 'கிளீ ஓவியம் பிடித்தவர்கள்', 'காண்டின்ஸ்கி ஓவியம் பிடித்தவர்கள்' என்று பெயருக்குப் பிரித்துக் காசு பங்கிடச் சொன்னார். நம் அணிக்குக் கொஞ்சம் குறைந்தாலும் சரி, எதிரணிக்கு அதைவிடக் குறைய வேண்டும் என்பதில் பையன்கள் குறியாக இருந்தார்கள். சார் இதையெல்லாம் படித்ததில்லை. மோட்டார் மட்டும் போடுவார்: ஏ-வுக்கு அரை மணி, பி-க்குக் கால் மணி. இரண்டு பிளாக்குக்கும் ஒரு மணி விடுகிற அளவுக்குச் சம்ப்பில் தண்ணீர் இருக்கும்.

2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, இரண்டு பிளாக்கும் ஒரே லாரிக்காக வாசலில் நின்றன. அன்றைக்கே சார் "நம்ம காம்ப்ளெக்ஸ்" என்று பேச ஆரம்பித்தார். பகை பக்கத்துக் காம்பவுண்டுக்குக் குடிபெயர்ந்தது. நம் லாரியை அவர்கள்தான் மடக்கிவிட்டார்களாம். பி பிளாக்கில் அவருக்கு ஃபில்டர் காபிகூடக் கிடைத்தது. மழை பெய்ததும் காபி நின்றுவிட்டது.

பொதுக்குழுவில் யாராவது கணக்குக் கேட்பதுண்டு. சார் கோபப்படமாட்டார். மோட்டார் அறை, ஜெனரேட்டர், மொட்டைமாடிச் சாவிகளைக் கொத்தாக மேசைமேல் வைப்பார். "யாராவது எடுத்துக்குங்க. நாளைக்குக் காலையில அஞ்சு மணிக்குக் கழிவுநீர் லாரி வருது."

ஒருமனதாக மீண்டும் அவரே. முதலில் கை தூக்குவது பி பிளாக்.