மைனருக்கு வந்த வாழ்வு

‘மைனர்’ என்றதும் நம்மூரில் நினைவுக்கு வருவது பட்டு ஜிப்பா, மைனர் செயின், வெற்றிலைப் பெட்டி. சொத்து இருக்கும், வயது இருக்காது. கடன் கொடுக்க ஆட்கள் வாசலில் காத்துக் கிடப்பார்கள். 1895-இல் கல்கத்தாவில் தர்மதாஸ் கோஷ் என்ற மைனர் 20,000 ரூபாய்க்கு வீட்டை அடமானம் எழுதிக் கொடுத்தார். பையனுக்கு வயது வரவில்லை என்று தாயாரின் வக்கீல் முன்கூட்டியே கடிதம் போட்டும், லேவாதேவிக்காரரின் ஆள் கையெழுத்தை வாங்கிக்கொண்டார். 1903-இல், அந்நாளின் கடைசி அப்பீல் கோர்ட்டான பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது: மைனர் போட்ட ஒப்பந்தம் அடியோடு செல்லாது.

இன்றைய மைனருக்குச் செயின் கிடையாது. பிளஸ் டூ படிக்கிறான். அப்பா கழித்துப்போட்ட செல்போன்தான் ஆஸ்தி. ஆன்லைன் விளையாட்டில் விட்டதைப் பிடிக்க லோன் ஆப்பைத் திறக்கிறான். 3,000 கேட்டால், பிராசஸிங் ஃபீஸ் போக 1,800 வருகிறது. ஏழாம் நாள் முழுசாக 3,000 கட்ட வேண்டும்.

எப்பேர்ப்பட்ட ஞானி அந்த ஆப்! அத்தை நம்பர் தெரியும், கிளாஸ் டீச்சர் நம்பர் தெரியும், கேலரியில் அம்மா படம் எங்கே இருக்கிறது என்பதும் தெரியும். பையனின் பிறந்த வருடம் மட்டும் தெரியாது.

பணம் வராவிட்டால் எட்டாம் நாள் கடன் கொடுத்தவன் கோர்ட்டுக்குப் போவானா? போக மாட்டான். 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். பையன் வயதைக் கூட்டிச் சொல்லியிருந்தாலும் அந்த ஒப்பந்தத்துக்கு உயிர் வராது. ஜாமீன் கையெழுத்துப் போடாத அப்பாவுக்கும் பொறுப்பில்லை. நமக்குத் தெரியாத இந்தச் சட்டம் அந்தக் கும்பலுக்குத் தலைகீழ்ப் பாடம். அதனால்தான் வழக்கை அத்தையிடம் தாக்கல் செய்கிறான். பையன் படத்தில் ‘திருடன்’ என்று எழுதி டீச்சருக்கு ஒன்று, மாமாவுக்கு ஒன்று. அடுத்தது அம்மா படம் என்று மிரட்டல். சம்மன், விசாரணை, தண்டனை எல்லாம் வாட்ஸ்அப்பில் பத்தே நிமிடம்.

ரிசர்வ் வங்கி சும்மா இருந்துவிடவில்லை. 2021-இல் அதன் குழு எண்ணிப் பார்த்துச் சொன்னது: சுமார் 1,100 லோன் ஆப், அதில் 600 சட்டவிரோதம். 2022-இல் விதியும் வந்தது: காண்டாக்ட் லிஸ்டைத் தொடாதே, வசூலுக்குக் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் போன் போடாதே. மானத்தை ஏலம் விடுகிறவன் இதைப் படித்துவிட்டு 6.59-க்கு மரியாதையாகப் போனை வைத்துவிடுவான், பாவம்.

ஸ்டேஷனுக்குப் போனால், “எதுக்குத் தம்பி லோன் வாங்குன?” நல்ல கேள்வி. ‘எதுக்குய்யா குடுத்த?’ என்று கேட்கக் கொடுத்தவனுக்கு முகவரி இல்லை. முகவரி உள்ள ஒரே ஆள் பையன். அவனைத்தானே விசாரிக்க முடியும்?

1,800 ரூபாய் பதினைந்தாயிரமாகி நிற்கிறது. சட்டப்படி கட்ட வேண்டியதில்லை என்று வீட்டில் யாருக்கும் யாரும் சொல்லவில்லை. அம்மா தோட்டைக் கழற்றி மகன் கையில் கொடுத்து அனுப்புகிறாள். தெருமுனை அடகுக்கடைக்காரர் கண்ணாடியை இறக்கிப் பையனை ஏற இறங்கப் பார்க்கிறார்.

“மைனருக்கெல்லாம் குடுக்கக் கூடாது தம்பி. அப்பாவைக் கூட்டிட்டு வா.”