சாரட்டுக் கோமான் மெய்க்கீர்த்தி

சாரட்டு வண்டிகளின் சக்கரவர்த்தி லண்டனில் வீற்றிருக்கிறார். அவருக்கு மூத்தவர், 1762இல் பிறந்த 4 டன் தங்கரதம், ஏறியவர்களைக் குலுக்கியெடுத்த கொடியவர். 1953இல் அதில் பவனி வந்த இரண்டாம் எலிசபெத் மகாராணியாரே, படுமோசமான பயணமென்று பிற்பாடு தொலைக்காட்சியில் திருவாய் மலர்ந்தருளினார். அத்திருமேனி நோவுக்கு உருகாத நெஞ்சும் உண்டோ! 2014இல் அவதரித்த நம் சக்கரவர்த்தி, வைரவிழாச் சாரட்டு, அக்குறை தீர்த்தது: ஆட்டம் அடக்கும் ஹைட்ராலிக் தாங்கிகள், விசை தொட்டால் இறங்கும் கண்ணாடி, குளிரூட்டி. 2023 மே 6 அன்று முடிசூடச் சென்ற மூன்றாம் சார்லஸ் மன்னர் இதில்தான் எழுந்தருளினார். புதுமை யாவும் கதவுக்கு உள்ளே. வெளியே, ஏறக்குறைய 3 டன்னை இழுத்த ஆறு புரவிகளுக்கு அதே பழைய கடிவாளம். மரபைக் காப்பதென்றால் இப்படியல்லவா காக்க வேண்டும்!

அம்மரபு தழைக்கும் திருத்தலம் நம் எம்.ரெட்டியபட்டி வட்டாரம். காதணி விழாவில் தாய்மாமன் சீரோடு புறப்படும் சாரட்டுப் பெருமானின் அழகை உரைக்க ஆதிசேடனுக்கும் நாவு போதாது. வெல்வெட் மெத்தை, கண் கூசும் சீரியல் விளக்கு, மாமன் திருமுகம் வியர்க்காதிருக்கக் குட்டி ஃபேன். இவை இயங்க வேண்டுமே? பின்னாலேயே குட்டியானையில் ஜெனரேட்டர் ஊர்ந்து வருகிறது. சாரட்டை இழுத்துவிடக்கூடிய எஞ்சின், பல்பு எரிய உடன்வருகிறது. பல்பு எரிக்கத் தெரியாத குதிரை சாரட்டை இழுக்கிறது. யாருக்கு எந்த வேலையென்று வகுத்த மதியூகிக்குச் சிலை வைக்கலாம். (அந்தச் சிலையையும் குதிரையே இழுத்து வரட்டும்.)

சித்திரை வெயிலில் அருப்புக்கோட்டை ரோட்டுத் தார் இளகும்போது, லாடம் வழுக்கும் அந்த ஒயிலை நாட்டியம் என்றே ரசிகர்கள் கொண்டாடுகிறார்கள். ஸ்பீக்கர் அதிர, குதிரை காதை மடக்கித் தலையை உதறினால், பாட்டுக்குத் தாளம் போடுகிறதாம்! விலா எலும்புகளை ஒன்று விடாமல் எண்ணிவிடலாம். வாத்தியார் இல்லாமலே பிள்ளைகள் கணக்குப் படிக்கிறார்கள்.

மண்டபத்து வாசலில் வண்டிக்காரர், "அண்ணே, குதிரைக்கு ஒரு வாளித் தண்ணி" என்று கேட்கிறார். கரிசல் காட்டுக்காரர் தண்ணீர் விஷயத்தில் எவ்வளவு சிக்கனம் என்பதை அங்கே பார்க்க வேண்டும். "கேன் தண்ணியெல்லாம் பந்திக்குப்பா. மாமன் இறங்கட்டும், போட்டோ முடியட்டும், பார்ப்போம்."