கணப்புப் புகையியல்: ஓர் ஆய்வும் சில இருமல்களும்

மலையில் புகை தெரிந்தால் அங்கே நெருப்பு இருக்கிறது என்று கொள்ள வேண்டும், அடுக்களையே அதற்குச் சாட்சி என்பது தர்க்க நூலார் வழிவழியாகச் சொல்லிவரும் வாதம். மணிமேகலையிலும் இது வருகிறது. மலை பக்கம், புகை ஏது, அடுக்களை திட்டாந்தம். உலகாயதர் கொஞ்சம் முரண்டு பிடித்ததைத் தவிர்த்தால், பல நூற்றாண்டுகளாக அசையாமல் நின்ற வாதம் இது. சென்ற டிசம்பரில் கோத்தகிரியில், நாங்கள் வாடகைக்கு எடுத்த பழைய பங்களாவில், ஒரே இரவில் அது ஆட்டம் கண்டது. மலை இருந்தது. புகை வேண்டிய அளவுக்கு மேலேயே இருந்தது. நெருப்பைத்தான் காணோம், பெரியப்பா ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி அதை அணைத்து இருபது நிமிடம் ஆகியிருந்தது.

கணப்பு என்பது யாதோவெனின், குளிர்காய்வதற்கென்று சுவரில் குடைந்து, மேலே புகைபோக்கி வைத்த அடுப்பு என்க. உதகையில் ஜான் சல்லிவன் 1822இல் கட்டத் தொடங்கிய வீட்டை ஊரார் கல் பங்களா என்றார்கள். அதன் பின்னே நீலகிரியில் வெள்ளைக்காரர் பங்களாக்கள் பெருகப் பெருக, கூரைகளில் சிம்னிகளும் முளைத்தன. நம் ஊர் அடுப்பு புகைந்தால் ஊதுகுழலை எடுத்துக்கொண்டு யாரும் வருத்தப்படாமல் ஊதுவார்கள். கணப்புக்கோ மாடம் உண்டு, மேலே வரிசையாகப் பீங்கான் பொம்மை உண்டு, நாள் வாடகையில் அதற்கென்று ஒரு தொகையும் உண்டு. அது புகைந்தால் கண்ணெரிச்சலோடு மானக்கேடும் சேர்ந்துகொள்கிறது.

காரணம் பற்றி அன்றிரவே எங்கள் குடும்பத்தில் சமயங்கள் பிரிந்தன.

பெரியப்பா விறகுவாதி. சீகை விறகு பச்சை, அதுதான் குற்றம் என்பது அவர் கொள்கை. முற்றிலும் தள்ளத்தக்கதன்று. புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீராகவே இருக்கக்கூடும். நன்றாக எரிய அது ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே இறங்க வேண்டும். எங்கள் விறகின் வெட்டு முகத்தில் நுரை கொப்பளித்துச் சீறியதை நானே குனிந்து பார்த்தேன். ஆனால் மறுநாள் தட்டினால் டங்கென்று சத்தம் வரும் காய்ந்த விறகு வாங்கி வந்தோம். புகை அப்படியே வந்தது. சற்றுக் காய்ந்த புகை, அவ்வளவுதான்.

மைத்துனன் காற்றுவாதி. வீட்டுக்குப் பின்னால் மேட்டில் நிற்கும் கற்பூர மரங்களைக் காட்டி, அவற்றைத் தாண்டி விழும் காற்று சிம்னிக்குள் புகையைத் திருப்பி அழுத்துகிறது என்றான். இதுவும் நூல்வழக்கு உடையதே. பத்தடி தூரத்துக்குள் இருக்கும் எதையும்விட சிம்னி இரண்டடியாவது உயர்ந்திருக்க வேண்டும் என்பது கொத்தனார் விதி. அன்றைக்கு ஒரு இலைகூட அசையவில்லை என்பதுதான் அவன் கட்சிக்கு நேர்ந்த இடர். அத்தை கண்திருஷ்டி என்றாள். அவள் கட்சியை மறுக்கும் துணிவு இவ்வாய்வாளனுக்கு இல்லை.

சிம்னித் தகட்டைத் திறந்தீர்களா என்று கேட்கப்போகிறவர்களுக்கு: திறந்தோம். மூன்று பேர் தனித்தனியே சோதித்து, மூன்று பேரும் கைக்கரியைச் சுவரில் துடைத்தார்கள்.

இனி மேற்கோள் நூலாரிடம் செல்வோம். 1785இல், தமது 79ஆம் வயதில், பிரான்சிலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலில் திரும்பும்போது பெஞ்சமின் பிராங்க்ளின், இங்கன்ஹவுஸ் என்ற மருத்துவ நண்பருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். பொருள்: வீட்டுக்குள் புகைவிடும் சிம்னிகள். நடுக்கடலில் உட்கார்ந்து இதை யோசிக்கத் தனி மனம் வேண்டும். காரணங்கள் ஒன்பது என்று அதில் வகுக்கிறார். எட்டாவது என்னை மயிர்க்கூச்செறிய வைத்தது: நெருப்பே மூட்டாத அறைக்குள்ளும், பக்கத்துச் சிம்னிகளின் புகை தன் சிம்னி வழியாக இறங்கி வந்து நிறையும். ஆக, தர்க்க நூலாரின் ஏது பிழைபடும் இடம் ஒன்றை அவர் கண்டிருக்கிறார். மணிமேகலையை அவருக்கு யாராவது அனுப்பி வைத்திருக்கலாம்.

அவருக்குப் பின் வந்த ரம்ஃபோர்டு பிரபு, 1796இல் வெளியிட்ட கட்டுரையில், சிம்னியின் தொண்டையை நான்கு அங்குலத்துக்குக் குறுக்கச் சொன்னார். லண்டனில் அது பெரிய மோஸ்தராயிற்று. கோட்டின் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் கணப்பில் முதுகுக்குக் கீழே காய்வதாகக் கில்ரே 1800இல் வரைந்த கேலிச் சித்திரம் இன்றும் இருக்கிறது. எங்கள் கணப்பின் தொண்டை குறுகியதுதான். அளந்தேன்.

மெய்ப்பொருள் வேறிடத்தில் இருந்தது. நெருப்பு புகையை மேலே தள்ளுகிறது என்றே நாம் எல்லாரும் நினைக்கிறோம். தள்ளுவது நெருப்பன்று, குளிர்ந்த காற்று. 150 டிகிரியில் இருக்கும் காற்று, 10 டிகிரியில் இருக்கும் அதே அளவுக் காற்றின் எடையில் மூன்றில் இரண்டு பங்குதான். கனத்த காற்று அடியில் புகுந்து இலேசானதை எக்கித் தள்ளுகிறது. அந்தத் தள்ளலும் பெரிதாக ஒன்றுமில்லை. இருபதடிச் சிம்னியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் உயரத் தண்ணீர் கொடுக்கும் அழுத்தத்துக்கு மேல் போகாது. இத்தனை நோஞ்சானான ஒன்றை நம்பித்தான் கணப்பு தன் பிழைப்பை நடத்துகிறது. மேலே போகும் காற்றுக்கு ஈடாக அறைக்குள் காற்று வந்துகொண்டே இருக்க வேண்டும். வராவிட்டால், சிம்னி வழியாகவே வரும். புகையைக் கையோடு கூட்டிக்கொண்டு.

இதை உறுதிசெய்ய ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திக் கணப்பின் வாயருகே பிடித்தேன். அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பத்திப் புகை மாடத்துக்குள் போகாமல், நேரே என் மூக்கை நோக்கி வந்தது. சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்தச் சொன்னேன். பத்திப் புகை சற்றுத் தயங்கி, நட்டுக்குத்தாக நின்றது. ஃபேனைப் போட்டதும் மறுபடி மூக்கு. அந்த ஃபேன், வீட்டுக்கு வேறு வாசல் இல்லாததால், சிம்னியின் வழியே மூச்சை இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது.

பதினொரு பக்கம் எழுதிவிட்ட நிலையில் பங்களாவைப் பார்த்துக்கொள்பவர் பால் கொண்டுவந்தார். “பழைய மர ஜன்னல் இருந்தப்ப இந்தத் தொல்லையே இல்ல சார். அதுல சந்து சந்தாக் காத்து வரும்னு கெஸ்டுங்க திட்டுவாங்க. போன வருசம்தான் முதலாளி இந்த யுபிவிசி ஜன்னல் போட்டாரு, ரப்பர் எல்லாம் வச்சு. ஊசி போற அளவு காத்துகூட வராது.” பிராங்க்ளினின் ஒன்பது காரணங்களில் முதலாவதும் இதுவே: புதிதாக, இடுக்கே இல்லாமல் இறுக்கிக் கட்டிய வீடு. கடிதத்தைத் தலையிலிருந்து படிக்காமல் எட்டாவதில் போய் மயங்கியது ஆய்வாளனின் குற்றம் என்பது பெற்றாம்.

அவர் தினத்தாள் ஒன்றைச் சுருட்டிக் கொளுத்தி, கணப்பின் தொண்டைக்குள் கையை நீட்டிப் பிடித்தார். சிம்னிக்குள் குளிர்ந்து அடைத்துக் கிடந்த காற்றுக்குச் சூடேற்றும் வேலை. பிறகு ஜன்னலை ஓர் அங்குலம் திறந்தார். விறகைப் பற்றவைத்ததும் புகை, கூப்பிட்டவர் வீட்டுக்குப் போவதைப்போல, மேலே போயிற்று.

இதற்கிடையில் மைத்துனன், கணப்பே வேண்டாம், தட்டில் கரிக்கங்கு அள்ளிப் படுக்கையறையில் வைத்துக்கொள்வோம் என்றான். இதில் மட்டும் ஆய்வாளன் விளையாடத் தயாரில்லை. கங்கிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. மூடிய அறையில் தூங்குகிறவரை எழுப்பாமலே கொன்றுவிடும். கண்ணை எரிக்கும் புகையாவது சொல்லிவிட்டு வருகிறது.

ஜன்னலோர நாற்காலி அத்தையுடையது. பத்து நிமிடத்தில் அவள் காதில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஜன்னலைச் சாத்தினாள். புகை திரும்பியது. பெரியப்பா இருமிக்கொண்டே திறந்தார். புகை போயிற்று. சாத்தினாள், திரும்பியது. இவ்வாறு ஒரே மாலையில் ஏழு முறை, ஒருமுறைகூடப் பிறழாமல், முடிவு மெய்ப்பிக்கப்பட்டது. அத்தையின் நாற்காலியை வேறிடத்துக்கு மாற்றச் சொல்வது யார் என்ற கேள்வி இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. நாங்கள் ஊர் திரும்பும்வரை ஒருவரும் அதைக் கேட்கவில்லை.